புரூக்ளின் அணியின் 1947ஆம் ஆண்டு

பேஸ்பால் ஆட்டம் நம் நாட்டில் மிகுதியாக ஆடப்படுவதில்லை. ஆயினும் கிரிக்கெட்டை அறிந்த நேயர்களுக்கு அதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று. ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள்ளன. ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடைவெளி 90 அடி. பந்து வீசுபவர் தரையில் படாமல் பந்தை எறிகிறார். மட்டையாளர் அதனை அடித்துவிட்டு ஓடுகிறார். நான்கு தளங்களையும் சுற்றி வந்தால்தான் ஓர் ஓட்டம் கணக்காகும். மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். ஒவ்வொரு கட்சிக்கும் ஒன்பது முறை உண்டு. ஒரு தளத்தில் காத்து நிற்பவர், பந்து வீசப்படும் தறுவாயில் எதிரிகளை ஏமாற்றி அடுத்த தளத்திற்கு ஓடிவிடலாம். இதற்குத் தளம் திருடுதல் என்று பெயர். விதிகள் அனுமதிக்கும் திருட்டு இது!

1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தலைசிறந்த அணிகள் இரண்டு லீகுகளாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 154 ஆட்டங்கள் ஆடவேண்டும். இரு லீகுகளிலும் முதலிடம் பெற்ற அணிகள் அக்டோபரில் மோதும். நான்கு ஆட்டங்களில் முதலில் வெல்லும் அணியே ‘உலகத் தொடர்’ எனப்படும் அப்போட்டியின் வெற்றியாளர்.

இந்தப் பதினாறு அணிகளிலும் அதுவரை கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. அவர்களைச் சேர்க்கலாகாது என்று சட்டப் புத்தகம் எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாத வழக்கமே எழுதிய சட்டத்தினும் வலிதாக நின்றது. 1884இல் டொலீடோ நகர அணியில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் ஆடினார். அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அக்கதவு மூடியே கிடந்தது. கறுப்பின மக்கள் தமக்கெனத் தனி அணிகள் அமைத்துக்கொண்டனர்; 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்பவர் அவர்களுக்கென ஒரு லீகையே நிறுவினார். அங்கே ஆடியவர்களுள் பலர் வெள்ளையர் அணிகளின் வீரர்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர்.

நியூயார்க் நகரின் ஒரு பகுதியான புரூக்ளினில் டாட்ஜர்ஸ் என்னும் அணி இருந்தது. அதன் தலைவர் பிராஞ்ச் ரிக்கி இந்தத் தடையை உடைக்கத் துணிந்தார். அவரது நோக்கத்தில் அறமும் இருந்தது, ஆதாயமும் இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் வந்தால் அணி வெல்லும். புதிய ரசிகர்கள் வந்தால் வருவாய் பெருகும் என்பதை அவர் நன்கு அறிவார். 1945 ஆகஸ்டு 28ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் என்ற இளைஞரை அழைத்துப் பேசினார். ராபின்சன் 1919இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்து, சர்வகலாசாலையில் நான்கு விளையாட்டுகளில் பெயர் பெற்றவர். இராணுவத்தில் லெப்டினென்டாக இருந்தபோது, பஸ்ஸின் பின்பகுதிக்குப் போக மறுத்ததற்காக 1944இல் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுதலை பெற்றவர். அத்தகைய தன்மானியிடம் ரிக்கி ஒரு கடுமையான நிபந்தனை விதித்தார். எவர் என்ன ஏசினாலும் திருப்பி ஏசுதல் கூடாது. அடித்தாலும் திருப்பி அடித்தல் கூடாது. ராபின்சன் இசைந்தார். 1946இல் புரூக்ளினின் துணை அணியாகிய மான்ட்ரியல் அணியில் ஆடி, அந்த லீகிலேயே மட்டை சராசரியில் முதலிடம் பெற்றார்.

1947 தொடங்கியபோது சோதனைகள் அணிக்குள்ளேயே எழுந்தன. ராபின்சன் வரக்கூடாது என்று சில ஆட்டக்காரர்கள் ஒரு விண்ணப்பத்திற்குக் கையெழுத்துத் திரட்டினர். கென்டக்கியைச் சேர்ந்த பீ வீ ரீஸ் அதில் கையெழுத்திட மறுத்தார். அணியின் மேலாளர் லியோ டுரோச்சர் நள்ளிரவில் அனைவரையும் எழுப்பிக் கூட்டி, அந்த முயற்சியைக் கண்டித்து அடக்கினார். ஆனால் வேறொரு காரணத்திற்காக அவரே ஏப்ரலில் ஓராண்டுக்கு விலக்கி வைக்கப்பட்டார்! சில நாட்களில், 62 வயதான பர்ட் ஷாட்டன் அவரிடத்தில் அமர்த்தப்பட்டார்.

ஏப்ரல் 15ஆம் நாள் எபெட்ஸ் மைதானத்தில் 25,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். பாஸ்டன் அணியை எதிர்த்த அந்த முதல் ஆட்டத்தில் ராபின்சன் பந்தை அடித்து ஒருமுறையும் தளம் சேரவில்லை. எனினும் ஏழாம் முறையில் அவர் மெல்லத் தட்டிய பந்தை எதிரணியினர் தவறாக எறிய, அவர் விரைந்து முன்னேறினார். பின்னர் பீட் ரைசர் அடித்த அடியில் ஓட்டத்தை முடித்தார். அந்த ஓட்டமே அணியை முன்னணிக்குக் கொண்டுவந்தது. புரூக்ளின் 5-3 என வென்றது.

அடுத்த வாரமே பிலடெல்பியா அணியினர், தம் மேலாளர் பென் சாப்மனின் தலைமையில், கேட்கத் தகாத வசைமொழிகளை ராபின்சன் மீது பொழிந்தனர். அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அதுவரை விலகி நின்ற சகவீரர்கள் வாய் திறந்தனர். எடி ஸ்டாங்கி எதிரணியை நோக்கிச் சீறினார். பிரிப்பதற்காகச் செய்த செயல் இணைப்பதற்கே பயன்பட்டது. மே மாதம் பிலடெல்பியாவிற்குச் சென்றபோது, வழக்கமாகத் தங்கும் ஹோட்டல் அணிக்கு இடம் தர மறுத்துவிட்டது. அதே மாதத்தில், செயின்ட் லூயி அணியினர் ஆட மறுக்க ஆலோசிப்பதாக ஒரு நாளேடு செய்தி வெளியிட்டது. அப்படிச் செய்வோர் விலக்கப்படுவர் என்று லீகின் தலைவர் ஃபோர்டு ஃபிரிக் உறுதியாக நின்றார். ஆட்டம் நடந்தது.

ஆறு மாத முடிவில் கணக்கு என்ன? புரூக்ளின் 94 ஆட்டங்களில் வென்று, 60இல் தோற்று, செயின்ட் லூயியை இரண்டாமிடத்தில் நிறுத்தி, தேசிய லீகின் முதலிடத்தைப் பெற்றது. ராபின்சன் 125 ஓட்டங்கள் எடுத்தார். 29 தளங்களைத் திருடி லீகிலேயே முதல்வரானார். அவ்வாண்டு முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட சிறந்த புதுமுக வீரர் பரிசு அவருக்கே கிடைத்தது. வேறு அணிக்கு மாற்றித் தரும்படி ரிக்கிக்குக் கடிதம் எழுதியிருந்த டிக்ஸி வாக்கரும் அவ்வாண்டு நன்றாகவே ஆடினார். வெற்றியில் அவருக்கும் பங்குண்டு. ஜூலை 5ஆம் நாள் லாரி டோபி கிளீவ்லாந்து அணியில் இறங்க, மற்ற லீகிலும் தடை உடைந்தது.

உலகத் தொடரில் எதிர்ப்பட்டது நியூயார்க் யாங்கீஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் உலகத் தொடர் அதுவே. நான்காம் ஆட்டத்தில் யாங்கீஸ் பந்து வீச்சாளர் பில் பெவன்ஸ், இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் ஓர் அடியும் தராமல் வென்ற பெருமையைப் பெறுவார் என்ற நிலை. அப்போது குக்கி லாவகெட்டோ அடித்த ஒரே அடியில் இருவர் ஓடி வந்து சேர, புரூக்ளின் 3-2 என வென்றது. ஆயினும் ஏழாம் ஆட்டத்தில் யாங்கீஸ் 5-2 என வென்று பட்டத்தைக் கொண்டுசென்றது. புரூக்ளின் முதன்முறையாக அப்பட்டத்தை வெல்ல 1955 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. சிறந்த வீரர்கள் பெரிய அணிகளுக்குச் சென்றதும் ரசிகர்களும் அவர்களைத் தொடர்ந்தனர். கறுப்பினத்தாரின் சொந்த லீகுகள் நலிந்து மறைந்தன. ராபின்சனை இழந்த கான்சாஸ் நகர அணிக்கு ரிக்கி ஈடு எதுவும் தரவில்லை. மாற்றமும் மெதுவாகவே வந்தது. கடைசியாக பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஒரு கறுப்பினத்தவரைக் களமிறக்கியபோது ஆண்டு 1959. புரூக்ளின் அணியோ 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலீசுக்குக் குடிபெயர்ந்தது. எபெட்ஸ் மைதானம் 1960இல் இடிக்கப்பட்டது. 1972இல் ராபின்சன் மறைந்தார். அவர் அணிந்த 42ஆம் எண்ணை இனி எந்த அணியிலும் புதிதாக எவருக்கும் வழங்குவதில்லை என 1997இல் முடிவாயிற்று.

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் பணிபுரியும் நேயர்களுக்கு இந்தப் பருவத்தின் வரலாறு சிந்திக்கத் தக்கது. அறிமுகமில்லாதவனை ஒரு கூட்டம் ஏற்பது சொற்பொழிவுகளால் அன்று. ஒரே களத்தில் நாள்தோறும் உடன் உழைத்து, ஒரே வெற்றிக்காக வியர்வை சிந்தும்போது அயன்மை தானே தேய்கிறது. அதற்கு வந்தவனின் பொறுமை மட்டும் போதாது. கையெழுத்திட மறுக்கும் ஒருவரும், உரிய நேரத்தில் குரல் கொடுக்கும் ஒருவரும், விதியை விட்டுக்கொடுக்காத ஒருவரும் அருகில் இருத்தல் வேண்டும். 1947இல் புரூக்ளினில் அத்தகையோர் இருந்தனர்.