பெற்றோல் டேங்க் மூடி: சீலைத்துணியைத் திணித்துவிட்டு ஓடலாமா?

2022 ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைகளை நம்மில் யாரும் இலகுவில் மறக்கமாட்டோம். 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபா வரை ஏறியிருந்த காலம் அது. ஓரிரவு முழுக்க வரிசையில் கிடந்து சுபஹு நேரத்தில்தான் எனக்கு முறை வந்தது. டேங்க் மூடியைக் கழற்றி காரின் கூரை மேல் வைத்தேன். அதைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் பட்டி எப்போதோ அறுந்துபோயிருந்தது. பெற்றோல் கிடைத்த சந்தோஷத்தில் மூடியை மறந்து அப்படியே ஓட்டி வந்துவிட்டேன்.

புது மூடி தேடிப் போவதற்கும் பெற்றோல் செலவாகுமே என்று நினைத்தேன். பழைய சீலைத்துணி ஒன்றைச் சுருட்டித் திணித்து, மேலே ஷொப்பிங் பேக் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டேன். மூன்று வாரம் அப்படியே ஓடினேன்.

ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிக்கு முன்னால் என் காரின் பின்பக்கம் இரண்டடி தூரத்தில் ஒருவர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஹாஜியார் ஒருவர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, உங்கட கார்ல பெற்றோல் மணக்குது. இத்தனை புள்ளைகள் நிக்கிற இடம்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரமே மூடி வாங்கினேன்.

இன்றும் பாதையில் துணி திணித்த கார்களைக் காண்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே பறந்து போகாமல் நிலத்தோடு படிந்து பரவும். டேங்க் வாயில் இருக்கும் துணி பெற்றோலை உறிஞ்சி விளக்குத் திரி போல ஆகிவிடும். மழை பெய்தால் தண்ணீரும் உள்ளே இறங்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானதால் டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பிறகு என்ஜின் உதறுவதற்குக் காரணம் தேடி கராஜ் கராஜாக அலைய வேண்டி வரும்.

மூடிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, ஆவி வெளியே போகாமல் அடைப்பது. அதன் கழுத்தில் உள்ள ரப்பர் வளையம் இதைச் செய்கிறது. மற்றது, டேங்கை மூச்சுவிட வைப்பது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். பழைய கார்களில் மூடியிலுள்ள துவாரம் வழியாகவே காற்று உள்ளே போகும. பிந்திய கார்களில் கரி நிரப்பிய டப்பா ஒன்றின் வழியாக டேங்க் மூச்சுவிடும். மூடியில் அவசரத்துக்குத் திறக்கும் சிறிய வால்வு மட்டும் இருக்கும். துவாரமுள்ள மூடி தேவைப்படும் பழைய காருக்குத் துவாரமில்லாத மூடியைப் போட்டால், ஓட ஓட டேங்கில் வெற்றிடம் உண்டாகி என்ஜினுக்குப் பெற்றோல் வராமல் நின்றுபோகலாம்.

எனவே சரியான மூடியை வாங்குவதுதான் இதில் முக்கியமான வேலை. பழைய மூடி இருந்தால் கையோடு கொண்டு போங்கள். தொலைந்திருந்தால் காரின் மொடல், ஆண்டு, செசி இலக்கம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். புரி, அகலம், ஆழம் மூன்றும் ஒத்துவர வேண்டும். "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று கடைக்காரர் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். புரி பிடித்தாலும் வளையம் சரியாக அமராமல் போகலாம். பஞ்சிகாவத்தையில் பாவித்த மூடி வாங்குவோர் வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு இருந்தாலோ, தட்டையாகிக் கல்லாகியிருந்தாலோ அது வேண்டாம். பெற்றோல் திருட்டுக்குப் பயந்து சாவி மூடி வாங்குவோர், இரண்டாவது சாவியை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். காரை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். மூடிய கராஜுக்குள் வேண்டாம். அடுப்பு, சிகரெட், சாம்பிராணித் தட்டு எதுவும் கிட்டே இருக்கக்கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காரின் இரும்புப் பகுதியைக் கையால் தொட்டுவிட்டு மூடியை மெதுவாகத் திறவுங்கள். "உஸ்" என்று சிறு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அது வழமையானது. பிளாஸ்டிக் பட்டியின் முனை காரின் உடம்பில் ஒரு துவாரத்தில் செருகியிருக்கும். திருகி இழுத்தால் வந்துவிடும். டேங்க் வாயின் விளிம்பைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள். துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூள் டேங்குக்குள் விழும். புதுப் பட்டியைச் செருகி, அது வளையத்துக்குள் சிக்காமல் பார்த்து, மூடியை வலப்பக்கம் "கிளிக்" என்று கேட்கும்வரை திருகுங்கள்.

அடுத்த நாள் காலையில் மணந்து பாருங்கள். பெற்றோல் வாடை இருந்தால் மூடி பொருந்தவில்லை. ஓடும்போது என்ஜின் திணறி, மூடியைத் திறந்ததும் பலமாகக் காற்று இழுத்து, பிறகு சரியாக ஓடினால் டேங்கின் மூச்சு எங்கோ அடைபட்டிருக்கிறது. இரண்டுக்கும் கராஜில் காட்டுங்கள்.

சில கார்களில் மூடி தளர்ந்தாலே டேஷ்போர்டில் செக் என்ஜின் லைட் எரியும். மூடியை மாற்றியதும் அது உடனே அணையாது, சில நாள் ஓடிய பிறகே அணையும். ஆனால் அந்த லைட் விட்டு விட்டு மின்னினால் அது மூடிக் கோளாறல்ல, என்ஜின் கோளாறு. ஓட்டத்தைக் குறைத்து உடனே பாஸைக் காணுங்கள்.

பெற்றோல் செட்டில் குழாய் தானாக நின்ற பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று அடிக்கச் சொல்லும் பழக்கத்தையும் விடவேண்டும். அந்த மேலதிகப் பெற்றோல் கரி டப்பாவுக்குள் போய் அதைப் பழுதாக்கிவிடும்.

பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பதையும் வீண்விரயத்தைத் தவிர்ப்பதையும் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த மூன்று வாரமும் நான் இரண்டையும் மீறினேன். 470 ரூபாப் பெற்றோலை ஆவியாக விட்டதோடு, தொழ வந்தவர்களுக்கு நடுவில் ஆபத்தையும் நிறுத்தி வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் உங்கள் காரின் மூடியை ஒரு தரம் திறந்து, அந்த ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள்.