ஒளி காணும் ஒலித்திரை

திரை என்னும் சொல் கடலலையைக் குறிக்கும். முதுமையில் தோலில் விழும் சுருக்கத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இயற்கை நிகழ்ச்சி ஒன்று உண்டு. திண்பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் ஒலியலையே அது. அதனை ஒளியால் ஆராயும் முறையை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கரையில் நிற்பார்க்குக் கடல்திரை கண்ணுக்குப் புலனாகும். அருகிலுள்ள பாறையைத் தட்டினால் அதிலும் திரை எழும். ஆயின் அது கட்புலனாகாது. தட்டிய அதிர்வின் ஒரு பகுதி பாறையினுள் செல்ல, மற்றொரு பகுதி மேற்பரப்பிலேயே படர்கிறது. இத்தகைய அலை உண்டு என்பதை 1885இல் கணித வழி காட்டியவர் இங்கிலாந்து அறிஞர் இரேலி. ஏறத்தாழ ஓர் அலைநீள ஆழத்திற்குக் கீழ் இவ்வலை பெரிதும் தேய்ந்துவிடும்.

இக்கட்புலனாகாத் திரையை ஒளி எங்ஙனம் காணும்? மெருகேற்றிய படிகத்தின்மேல் வினாடிக்கு 10 கோடி முறை அதிரும் அலையைச் செலுத்துவதாகக் கொள்வோம். அலையின் வேகம் வினாடிக்கு 3000 மீட்டர் எனின், ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் இடையே 0.03 மில்லிமீட்டர் இருக்கும். மேற்பரப்பு நுண்ணிய வரிகள் கீறிய தகடு போலாகிறது. அதன்மேல் நேராக விழும் சிவப்பு லேசர் ஒளி, மீளும்போது நடுக்கதிரின் இருமருங்கும் ஏறத்தாழ 1.2 பாகை விலகிய கதிர்களையும் தோற்றுவிக்கும். விலகலை அளந்தால் அலைநீளம் கிடைக்கும். அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வேகம் கிடைக்கும்.

நீர்மங்களினூடே செல்லும் மீயொலி ஒளியைப் பிரிப்பதை 1932இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டனர். அதற்குத் தெளிவான கொள்கை வகுத்தவர்கள் பெங்களூரில் பணியாற்றிய சர் சி. வி. இராமனும் நாகேந்திரநாத்தும் ஆவர். அவர்தம் கட்டுரைகள் 1935, 1936ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மேற்பரப்புத் திரையைப் பற்றிய ஆய்வுக்கும் அக்கொள்கையின் நெறி துணைசெய்கிறது.

கரடான கல்லில் இம்முறை நேரே பயன்படாது. ஆங்கு, அதிரும் பரப்பில் பட்டு மீளும் லேசர் ஒளியின் அதிர்வெண் மாறுபாட்டைக் கொண்டு அலையை அறிவர். நுண்வெடிப்புற்ற கல்லில் ஒலியின் வேகம் குறையும். வினாடிக்கு ஒரு இலட்சம் அதிர்வுடைய அலை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஆழத்தின் நிலையை உணர்த்தும். அதிர்வெண் மிகுந்தால் ஆழம் குறையும். எனவே கல்லின் தேய்வு எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதை உய்த்துணரலாம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கடற்கரைக் கோயில் உப்புக்காற்றால் தேய்ந்து வருவதை யாவரும் அறிவர். அத்தகைய சிற்பத்தில் ஒரு துணுக்கும் பெயர்த்தெடுக்காது அதன் நலிவை அறிய இயலுமெனின், அது சிறு பயனன்று.

இவ்வலையை 'மேற்பரப்பு ஒலியலை' என்பது பிழையன்று. எனினும், 'ஒலித்திரை' என்பதே அதன் இயல்பை உணர்த்தும் எனக் கருதுகிறோம். ஓடுவதால் அது அலை. பரப்பைச் சுருக்குவதால் திரை. கலைச்சொல் தேடுவோர் முதலில் நம் சொற்களின் பொருளாழத்தை நாடுதல் நன்று.