வீட்டுக்குள் இறங்கும் வெயில்: கூரைக்கும் அடுப்புக்கும் பொதுப்பணம் ஏன் தேவை?

விழுப்புரமும் திண்டிவனமும் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 12 டிகிரி வடக்கே இருக்கின்றன. சித்திரை இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும் ஆவணி பிறந்த சில நாள்களில் மறுமுறையும் சூரியன் இவ்வூர்களின் உச்சிக்கு நேராக வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களிலும் நண்பகல் வெயில் ஏறக்குறைய செங்குத்தாகவே விழுகிறது. அதில் பெரும்பகுதியை வாங்குவது சுவர் அல்ல, கூரை. கத்திரி வெயில் காலத்தில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் விழுப்புரம் மாவட்டத்தில், ஓர் ஏழைக் குடும்பம் இரவில் தூங்குமா தூங்காதா என்பதைக் கூரையே முடிவு செய்கிறது.

குளிர்நாடுகளில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. அங்கே வீட்டின் சூடு வெளியே கசியாமல் காக்க வேண்டும். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளுக்கு அரசு செலவில் வெப்பக்காப்புச் செய்து தரும் திட்டத்தை அமெரிக்கா 1976இல் சட்டமாக்கியது. இதுவரை 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதனால் பயனடைந்துள்ளன. வீட்டின் வெப்பநிலை உடல்நலத்தையும் எரிபொருள் செலவையும் சார்ந்த பொதுப் பிரச்சினை, வீட்டுக்காரரின் தலையில் மட்டும் கட்ட வேண்டியதல்ல என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. வெயில் நாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கூரைக்குக் கூரை வேறுபாடு

விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் மூன்று வகைக் கூரைகளைப் பரவலாகக் காணலாம். முதலாவது பனையோலை, கரும்புத் தோகை வேய்ந்த குடிசை. ஓலை அடுக்குகளுக்கு இடையே காற்று சிறைப்பட்டிருப்பதால் வெயில் எளிதில் உள்ளே இறங்காது. ஆனால் தீக்கும் புயலுக்கும் குடிசை தாங்காது. ஓலையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட். அது மெல்லியது. பொழுது ஏறியதும் சூடேறி அந்தச் சூட்டை அப்படியே கீழே வீசுகிறது. வெயில் தாழ்ந்ததும் விரைவில் ஆறிவிடுகிறது. எனவே ஷீட் வீட்டின் துன்பம் பெரும்பாலும் பகல் துன்பம்.

மூன்றாவது கான்கிரீட் தளம். அது பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி, மாலைக்குப் பிறகு மெல்ல வீட்டுக்குள் விடுகிறது. தொழிலாளி வேலை முடிந்து வந்து படுக்கும் நேரத்தில்தான் தளம் அனலாக இருக்கிறது. மின்விசிறியும் அந்த வெப்பக்காற்றையே சுழற்றுகிறது. வெளிக்காற்று குளிர்ந்த பிறகும் பலர் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் படுப்பதற்கு இதுவே காரணம்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியே கடத்தப்படும் வெப்பத்துக்கு உச்சவரம்பு வைத்தது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட். மேலே எந்தக் காப்பும் இல்லாத 4 அங்குலக் கான்கிரீட் தளம் இதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

குடிசை ஒழிப்பில் விடுபட்டது

குடிசைகளை மாற்றுவதில் தமிழ்நாடு நீண்ட காலமாகப் பொதுப்பணத்தைச் செலவிட்டு வருகிறது. 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் இலக்குடன் 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2011இல் 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குகளுடன் பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபோது குடிசை இழந்த கடலூர், விழுப்புரம் மாவட்ட மக்களுக்குத் தனி வீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு.

இத்திட்டங்கள் தீயிலிருந்தும் புயலிலிருந்தும் லட்சக்கணக்கான குடும்பங்களைக் காத்துள்ளன. அது பெரிய சாதனை. ஆனால் அவற்றின் நோக்கங்களில் வெப்பம் முன்னிடம் பெறவில்லை. பல தொகுப்பு வீடுகளின் மேல்தளம் இன்றும் வெறும் சிமென்ட் பரப்பாகவே கிடக்கிறது. தளத்தைப் போட்டுக் கொடுத்த அரசு, அதன்மேல் வர வேண்டிய கடைசி அடுக்கையும் வீட்டின் பகுதியாகவே கருத வேண்டும்.

கொத்தனார் அறிந்த தீர்வு

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன்மீது தட்டோடு பதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. கட்டுமான ஒப்பந்தங்களில் இதை ‘வெதரிங் கோர்ஸ்’ என்பார்கள். ஜல்லி அடுக்கில் உள்ள காற்றிடைவெளி வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. வாட்டம் வைத்துப் போடுவதால் மழைநீரும் தேங்காமல் வடிகிறது.

செலவு குறைந்த மற்றொரு வழி வெள்ளைப் பூச்சு. புதிய வெள்ளைப் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் சிமென்ட் அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு மலிவானது. ஆனால் மழையில் கரைவதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். வெப்பத்தைத் திருப்பும் பெயின்ட் சில ஆண்டுகள் நிற்கும். தூசி படிந்தால் அதையும் கழுவ வேண்டும். ஷீட் வீடுகளுக்கு மேலே வெள்ளைப் பூச்சும் உள்ளே பாய் அல்லது பலகையாலான உட்கூரையும் உதவும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடான இழைகளைக் காற்றில் பரப்பும் என்பதால் அந்த வேலையில் தனிக் கவனம் வேண்டும்.

மாற்றுக் கட்டுமானத்துக்கான அறிவும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், சூளையில் சுடாத அழுத்த மண்கட்டிகளையும் கம்பியில்லாத வளைவுக் கூரைகளையும் கட்டிக் காட்டிப் பயிற்சியும் தருகிறது.

தளத்தின் மேல் அடுக்கு வெயிலுக்கு மட்டுமானதல்ல. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வாட்டமில்லாத தளத்தில் தேங்கும் நீர் விரிசல் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே முதலீடு காப்பாகிறது.

அடுப்பின் பங்கு

சிறிய வீட்டில் வெப்பத்தின் இரண்டாவது ஊற்று அடுப்பு. விறகடுப்பு சமையலுக்கும் வெந்நீருக்கும் எரியும்போது அனலும் நுண்துகள் நிறைந்த புகையும் ஒன்றாகவே வருகின்றன. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் உலகெங்கும் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே அதிக நேரம் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளுமே இதில் முதலில் பாதிக்கப்படுகிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பின் இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016இல் வந்தது. இணைப்பு கிடைத்த பிறகு எஞ்சும் தடை சிலிண்டர் விலை. உஜ்வலா பயனாளிகளுக்குச் சிலிண்டருக்கு 2022இல் 200 ரூபாயாக இருந்த மானியம் 2023 அக்டோபரில் 300 ரூபாயானது. கையில் கூலி இல்லாத வாரத்தில் குடும்பம் மீண்டும் சவுக்கு மிலாறுக்கும் கருவேல முள்ளுக்கும் திரும்பினால், இணைப்புக்குச் செலவிட்ட பொதுப்பணம் பாதி வீணாகிறது. மறுநிரப்புதலுக்கான மானியமே இணைப்பைப் பயனுள்ளதாக்குகிறது.

பெரிய சமையற்கூடங்களுக்கும் மாவட்டத்தில் முன்மாதிரி உண்டு. ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடக் கூரையில் உள்ள 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவக் கண்ணாடிப் பரப்பு, வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குகிறது. நாளுக்கு ஏறத்தாழ 1,000 பேருக்கான உணவை அதில் சமைக்க முடியும். மாணவர் விடுதிகளும் மருத்துவமனைகளும் இந்த வழியை ஆராயலாம்.

ஏன் பொதுப்பணம்?

வெப்பத்தால் அதிகம் வதைபடுபவர்களிடம் கூரையைச் சீர்செய்யப் பணம் இல்லை. மரக்காணம் உப்பளங்களிலும் செங்கல் சூளைகளிலும் கரும்பு வயல்களிலும் பகலெல்லாம் வெயிலில் நிற்பவருக்கு, உடல் ஆறுவதற்கு இரவு ஒன்றுதான் இருக்கிறது. அந்த இரவும் பறிபோனால் மறுநாள் வேலையும் கூலியும் குறைகின்றன. இழப்பு மருத்துவமனையில், மின்தேவையில், குடும்ப வருமானத்தில் எனப் பல இடங்களில் சிதறி விழுகிறது. அதனால் எந்த ஒருவரும் தனியாக முதலீடு செய்ய முன்வருவதில்லை. வாடகை வீட்டில் நிலைமை இன்னும் மோசம்: வெப்பம் குடியிருப்பவருக்கு, கூரை உரிமையாளருக்கு.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இது நியாயமான முடிவு. ஆனால் அத்தொகை புதிய வீடு ஒன்றுக்கு அரசு தரும் முழு மானியத்தையும் விட அதிகம். உயிர் போன பின் தரும் பணத்தில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே கூரையில் செலவிட்டால், அந்த நிவாரணத்துக்கான தேவையே குறையும். தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, ஐந்தாண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பை இலக்காக வைத்துள்ளது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களின் மதிப்பீட்டிலேயே தட்டோடு அல்லது வெப்பத்தைத் திருப்பும் பூச்சைத் தனிச் செலவினமாகச் சேர்த்து, அதற்குரிய தொகையைக் கூட்ட வேண்டும். இறுதித் தவணை அந்த வேலை முடிந்த பிறகு விடுவிக்கப்படலாம்.

இரண்டாவதாக, ஏற்கெனவே கட்டிய தொகுப்பு வீடுகளுக்கு ஒன்றிய அளவில் மொத்தமாகப் பூச்சு வேலை எடுக்க வேண்டும். மாசியில் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்தால் கோடைக்கு முன் பலன் கிடைக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் பயிற்சி தந்தால் கூலியும் அதே ஊரில் தங்கும். முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

மூன்றாவதாக, கோடையில் கூலி குறையும் மாதங்களை ஒட்டி, ஏழைக் குடும்பங்களுக்குச் சிலிண்டர் உதவியை மாநில அரசு கூட்டித் தர வேண்டும்.

நான்காவதாக, பலனை அளக்க வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. பூச்சுக்கு முன்னும் பின்னும் வீடுகளின் பகல், இரவு வெப்பநிலையை மாணவர்கள் பதிவு செய்யலாம். ஒன்றியவாரியாக அந்த அளவீடுகள் வெளியிடப்பட்டால், எந்தக் கூரைக்கு எந்த முறை ஏற்றது என்பதை அடுத்த ஆண்டு நிதி ஒதுக்குவோர் ஆதாரத்தோடு முடிவு செய்ய முடியும்.