வீடு சுத்துதா? கண்ணைத் திட்டாதீங்க, காதைக் கேளுங்க

போன வருஷம் தருமபுரில எங்கம்மா கட்டில்ல புரண்டு படுத்தாலே "வீடே சுத்துதுடா"ம்பாங்க. நாங்க பித்தம்னு எலுமிச்சம்பழம் கொடுத்தோம். அப்புறம் கண்ணாடியை மாத்தினோம். ஒண்ணும் கேட்கல.

ஒகேனக்கல் பரிசல்ல போயிருக்கீங்களா? பரிசல்காரர் அப்படியே நடு ஆத்துல சுத்தி விடுவார். பரிசல் நின்ன பிறகும் பாறையெல்லாம் ஓடும். உண்மையில ஓடுறது நம்ம கண்ணு. அதை ஓட்டுறது காது.

ஒவ்வொரு உள்காதுலயும் மூணு அரைவட்டக் குழாய்கள் இருக்கு. தலை திரும்பினா உள்ளே இருக்கிற திரவம் பின்தங்கி, நரம்புக்குச் செய்தி போகும். சுமார் 10 மில்லி நொடியில கண் எதிர்ப்பக்கம் நகரும். நடந்துக்கிட்டே பஸ் போர்டு படிக்க முடியுறது இதாலதான். சுத்திட்டு நின்னா திரவம் உடனே நிக்காது, அதனால கண்ணும் நிக்காது.

சரி, தலையே அசையாம இதை நடத்த முடியுமா? முடியும், கரண்டால. சும்மா இருக்கும்போதும் அந்த நரம்புகள் துடிச்சுக்கிட்டேதான் இருக்கும். குரங்குகள்ல அளந்தப்போ நொடிக்குச் சுமார் 90 துடிப்பு. ரெண்டு பக்கமும் சமமா இருந்தா 'அசையல'ன்னு மூளை எடுத்துக்கும். ரெண்டு காதுக்கும் பின்னாடி இருக்கிற எலும்பு மேல எலக்ட்ரோடு ஒட்டி, 1 மில்லியாம்பியர் மாதிரி கொஞ்சூண்டு கரண்ட் கொடுத்தா, நெகட்டிவ் பக்கம் துடிப்பு கூடும், பாசிட்டிவ் பக்கம் குறையும். தலை சாயுதுன்னு மூளை நம்பிடும். கண் தன் அச்சுல லேசா உருளும். நேர்க்கோடு சாய்ஞ்சு தெரியும். நிக்கிற ஆளு பாசிட்டிவ் பக்கம் சாய்வாரு. இதுக்குப் பேரு கால்வானிக் வெஸ்டிபுலர் ஸ்டிமுலேஷன். ஆராய்ச்சிக்கூடத்துல பண்றது இது. பேட்டரி வெச்சு வீட்டுல தயவுசெஞ்சு முயற்சி பண்ணாதீங்க.

கண்ணுல ஒரு குறையும் இல்லாமலே உலகம் சாயும்ங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

அம்மாவைக் கடைசியா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் தலையைத் திருப்பிச் சட்டுனு படுக்க வெச்சு, அம்மா கண்ணையே பார்த்தார். கண்மணி துடிச்சுது. உள்காதுல இருக்கிற கால்சியம் துகள் இடம் மாறி, குழாய்க்குள்ள விழுந்திருக்குன்னார். தலையைச் சில கோணங்கள்ல திருப்பியே அதை வெளியே கொண்டு வந்தார். அறுவைசிகிச்சை எல்லாம் இல்லை.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. தலைசுத்தலோட பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கைகால் வலுவிழந்தாலோ, அது காது விஷயம்னு உட்கார்ந்துடாதீங்க. உடனே 108-க்குப் போன் போடுங்க.