கணவாயில் தொடங்கும் மூளைப் பாடம்

புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் கரைவலையை இழுத்து முடித்ததும் மடியை அவிழ்த்து மீனைக் கொட்டுவார்கள். நெத்தலி, சூடை, காரல் என்று கலந்து கிடக்கும் குவியலில் சில வேளை கணவாயும் இருக்கும். கூடைக்குப் போகுமுன் குனிந்து அதன் தோலை உற்றுப் பாருங்கள். செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் நிறம் நிரம்பிய ஒரு சிறு பை. அதைச் சுற்றி மெல்லிய தசைகள். நரம்பு கட்டளையிட்டால் தசை இழுக்கும், பை விரியும், நிறம் தெரியும். கட்டளை நின்றால் பை சுருங்கி நிறம் மறையும். நரம்புகள் வேலை செய்வதை ஒரு பிள்ளை வெறுங்கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இப்படிப்பட்ட காட்சிகளில் தொடங்கிப் பிள்ளைகளுக்கு மூளையைப் பற்றி எழுதும் நரம்பியல் விஞ்ஞானிகள் உலகில் இருக்கிறார்கள். நரம்பியல் விஞ்ஞானியும் நரம்பு டொக்டரும் ஒருவரல்லர். டொக்டர் நோயைப் பார்க்கிறார். விஞ்ஞானியோ நினைவு எங்கே தங்குகிறது, வலி எப்படித் தெரிகிறது, ஏன் தூங்குகிறோம் என்று கேட்டுக்கொண்டிருப்பவர். இவை ஐந்து வயதுப் பிள்ளையும் கேட்கும் கேள்விகள்தான். நரம்பு உயிரியல் ஆய்வாளராக இருந்த லியாம் ட்ரூ 2021இல் சிறுவர்களுக்கென்றே மூளையைப் பற்றி ஒரு படப் புத்தகம் எழுதினார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நைட் 2013இல் சிறுவர்களுக்கான அறிவியல் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். அதில் விஞ்ஞானிகள் எழுதுகிறார்கள், பிள்ளைகள் திருத்துகிறார்கள். 8 முதல் 15 வயது வரையான பிள்ளைகள் கட்டுரையைப் படித்து, எங்கே விளங்கவில்லை என்று சொல்ல, விஞ்ஞானி திரும்ப எழுத வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைக்கு விளங்காத வரியை எழுதியவர் தாமும் அதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது பல வேளைகளில் வெளிப்பட்டுவிடும்.

ஆய்வு செய்பவரே எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மூளையில் 10 வீதத்தைத்தான் நாம் பாவிக்கிறோம் என்ற பேச்சு இன்றும் மேடைகளில் கேட்கிறது. அது பொய். மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் வேலை உண்டு. உறக்கத்தில்கூட அது ஓய்ந்து கிடப்பதில்லை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. இவற்றைத் தெரிந்தவர் எழுதினால் பழைய பொய் புதிய பிள்ளைக்குப் போய்ச் சேராது.

புத்தளம் கரையோரப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு புத்தகம் எழுதினால் முதல் அத்தியாயம் கணவாய்தான். நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்பதை உலகம் கண்டுபிடித்ததே கணவாயிடமிருந்து. மனித உடலில் ஒரு நரம்பு இழையின் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். மிகத் தடித்தது என்றாலும் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. அதற்குள் எந்தக் கருவியை நுழைப்பது? 1930களில் ஜே. இசட். யங் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், சில கணவாய்களின் உடற்சுவரில் ஓடும் ஓர் இழை ஒரு மில்லிமீற்றர் வரை தடித்திருப்பதைக் காட்டினார். ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய வேண்டிய பிராணி அது. இழை தடித்தால் செய்தி விரைவாக ஓடும். அதனால்தான் அந்தத் தடிப்பு.

1939இல் பிளிமத் கடல் ஆய்வுகூடத்தில் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் அந்த இழைக்குள் மெல்லிய மின்வாயை நுழைத்தார்கள். சில வாரங்களில் உலகப்போர் மூண்டு வேலை நின்றது. போர் முடிந்து மீண்டும் தொடங்கி 1952இல் முழு விடையையும் வெளியிட்டார்கள். 1963இல் நோபல் பரிசு. விடை இதுதான். சும்மா இருக்கும் நரம்பின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சற்றே எதிர் மின்னேற்றத்துடன் இருக்கும். செய்தி வரும்போது சவ்வில் உள்ள சிறு வாசல்கள் திறக்கும். உப்பளத்தில் மடையைத் திறந்ததும் பாத்திக்குள் நீர் பாய்கிறதே, அதுபோல வெளியே உள்ள சோடியம் உள்ளே பாயும். உடனே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். இந்த மாற்றம் அடுத்தடுத்த இடங்களுக்குத் தாவிக்கொண்டே போவதுதான் நரம்புச் செய்தி. அந்தச் சோடியமும் புத்தளம் உப்பில் இருக்கும் சோடியமும் ஒன்றே. உப்பளத்தில் வேலை செய்பவரின் மகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்; பிறகு அவள் மறக்கமாட்டாள்.

இரண்டாம் அத்தியாயம் ஓங்கில், அதாவது டொல்பின். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கற்பிட்டி, ஆலங்குடாக் கடலில் சுழன்று குதிக்கும் டொல்பின் கூட்டங்களைப் பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். டொல்பின் நினைத்து மூச்சு விடும் பிராணி. முழுதாக உறங்கிவிட்டால் மேலே வந்து மூச்செடுக்க முடியாது. அதனால் மூளையின் ஒரு பாதி உறங்கும்போது மறு பாதி விழித்திருக்கும். சோவியத் விஞ்ஞானி லெவ் முகமெத்தோவ் 1970களில் டொல்பின்களின் மூளை மின்னலைகளைப் பதிந்து இதை நிறுவினார். சுழலும் டொல்பின்கள் பெரும்பாலும் இரவில் இரை தேடிப் பகலில் ஓய்பவை. படகோட்டும் தம்பிமார் இதைத் தெரிந்துகொண்டால் கூட்டத்துக்கு நடுவே இயந்திரத்தை முறுக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பேய்க்கணவாயின் நரம்புக்கலங்களில் பெரும்பகுதி அதன் கைகளில்தான் இருக்கிறது. கடல் முயல் என்னும், வெளியே ஓடு தெரியாத நத்தை இனத்தில் ஏறக்குறைய 20,000 நரம்புக்கலங்களே உண்டு. அதை வைத்தே நினைவு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த எரிக் கண்டெல் 2000இல் நோபல் பரிசு பெற்றார். அத்தியாயங்களுக்குக் குறைவில்லை.

தமிழில் இது முடியாதா என்றால், 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற மருத்துவர் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துப் பாடநூல்களும் ஆக்கினார். நம் காலத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், ஒரு சாதாரண முகக்கண்ணாடியைப் பெட்டிக்குள் நிறுத்தி, கையை இழந்தவர்களில் சிலருக்கு அந்த இல்லாத கையின் வலியைத் தணித்துக் காட்டினார். பிள்ளையும் செய்து பார்க்கக்கூடிய சோதனை அது. ஆனால் அவருடைய புகழ்பெற்ற நூல்கள் ஆங்கிலத்தில், பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் ஊர்ப் புத்தகக் கடையில் புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூளையைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளை ஆசையாகப் படிக்கும் தமிழ்ப் புத்தகம் கேட்டால் கடைக்காரர் தேடத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் வெளிநாட்டு ஆய்வுகூடங்களிலும் நரம்பியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, ஆளுக்கொரு சிறு புத்தகம் எழுதுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் கற்பிட்டியிலோ முந்தலிலோ ஒரு வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். விளங்காத இடத்தை அவர்கள் சொல்வார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அந்தப் புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை வீட்டுக்குக் கணவாய் வாங்கினால் கழுவுமுன் பிள்ளையைக் கூப்பிடுங்கள். உடலை நீளவாக்கில் பிளந்து விரித்தால் உட்சுவரின் இருபுறமும் நட்சத்திரம் மாதிரி ஒரு நரம்பு முடிச்சு தெரியும். அந்தத் தடித்த இழை அங்கிருந்துதான் புறப்படுகிறது. அதைக் காட்டிவிட்டுச் சமையுங்கள்.