விலை கேட்டா ‘என்னுடையது’ன்னு ஆகிடும்! ஹௌசா மொழியில் குட்டி ‘ன்’ செய்யும் பெரிய வேலை

நைஜீரியாவின் வடக்கே கானோ நகரம். 15-ம் நூற்றாண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் குர்மி சந்தை. ஹௌசா மொழியை இப்போதுதான் கத்துக்கிட்டிருக்கும் ஒருவர், தோல் செருப்பு ஒன்றைக் காட்டி ‘நவா?’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எவ்வளவு?’ என்று அர்த்தம். முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, தொனியையும் மாற்றிவிட்டால் அது ‘நாவா’. அதாவது ‘என்னுடையது’. விலை கேட்க வந்தவர் செருப்புக்கே உரிமை கொண்டாடிவிட்டார்!

எழுத்தைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இன்று பரவலாகப் புழங்கும் ரோமன் எழுத்து முறையில் தொனியையோ குறில் நெடிலையோ குறிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்தான்.

நைஜீரியாவின் வடக்கிலும் நைஜர் நாட்டின் தெற்கிலும் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி ஹௌசா. பிபிசி 1957-லேயே இதில் ஒலிபரப்பைத் தொடங்கியது. 2025-ல் நைஜர் இதைத் தேசிய மொழியாக அறிவித்தது. இந்த மொழியைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் ‘என்’, ‘உன்’, ‘அவன்’ போன்ற உடைமைச் சொற்கள்.

என் வீடு, உன் கார்

ஹௌசாவில் ‘கிடா’ என்றால் வீடு. (நம்ம ஊர் கிடா இல்லை. ‘கணபதி’யில் வருகிற ‘க’ ஒலி.) தமிழில் ‘என்’ முன்னால் வரும். அங்கே அது வாலாக ஒட்டிக்கொள்ளும். கிடானா என்றால் என் வீடு. கிடன்கா, உன் வீடு. கிடன்சா, அவன் வீடு. கிடன்மு என்றால் நம்ம வீடு. எங்க வீடு என்றாலும் கிடன்முதான். கேட்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று தமிழ் பார்க்கும் கணக்கு இங்கே கிடையாது.

ஆனால் தமிழ் பார்க்காத ஒரு கணக்கை ஹௌசா பார்க்கிறது. எதிரே இருப்பவர் ஆணா, பெண்ணா? ஆணிடம் ‘கிடன்கா’, பெண்ணிடம் ‘கிடன்கி’. பெயர் கேட்பதாக இருந்தாலும் ஆணுக்கு ‘சூனன்கா’, பெண்ணுக்கு ‘சூனன்கி’. பொதுவாக ‘உங்க பேரு?’ என்று கேட்டுத் தப்பிக்கிற நம் பழக்கம் இங்கே எடுபடாது.

அடுத்த ட்விஸ்ட், பொருளுக்கும் பால் உண்டு. கார் அங்கே ‘மோட்டா’. ஆங்கில மோட்டாரிலிருந்து வந்த சொல். அது பெண்பால். அதனால் ‘என் கார்’ மோட்டானா ஆகாது, ‘மோட்டாட்டா’. உன் கார் ‘மோட்டர்கா’. ஆண்பாலுக்கு ‘ன்’, பெண்பாலுக்கு ‘ர்’. ‘ஆ’வில் முடிகிற சொற்கள் பெரும்பாலும் பெண்பால் என்று பாடப்புத்தகம் சொல்லும். சொன்ன கையோடு ‘ஆ’வில் முடிகிற ‘கிடா’ ஆண்பாலாக வந்து நிற்கும்.

இங்கேதான் நிறைய பேர் கன்ஃப்யூஸ் ஆவார்கள். பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இந்த ‘னா’, ‘ட்டா’ மாறுவதில்லை. சொந்தமாக இருக்கும் ஆளையோ பொருளையோ பொறுத்தே மாறும். ஒருவன் ‘மாட்டாட்டா’ என்றால் ‘என் மனைவி’. ஒருத்தி ‘மிஜினா’ என்றால் ‘என் கணவர்’.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழருக்கு ரொம்ப ஈஸி. ‘வைத்திருக்கிறேன்’ என்று தனி வினைச்சொல் தேட வேண்டாம். ‘இனா டா மோட்டா’ என்றால் ‘நான் காரோடு இருக்கிறேன்’. நாமும் ‘என்கிட்ட கார் இருக்கு’ என்றுதானே சொல்கிறோம்!

போலீஸ், தடியின் மகன்

இந்த ‘ன்’, ‘ர்’ இரண்டும் ‘என்’, ‘உன்’னோடு நிற்பதில்லை. இரண்டு பெயர்ச்சொற்களை ஒட்டவைக்கும் பசையும் இவைதான். ஹௌசாவின் ஜாலியான பக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

‘டா’ என்றால் மகன். ‘ன்’ சேர்த்தால் ‘டன்’, அதாவது ‘இன்னதன் மகன்’. தடியின் மகன், ‘டன் சாண்டா’: போலீஸ்காரர். சந்தையின் மகன், ‘டன் காசுவா’: வியாபாரி. செய்தித்தாளின் மகன், ‘டன் ஜரீடா’: பத்திரிகையாளர். விளையாட்டின் மகன் ‘டன் வாசா’, அதாவது வீரர் அல்லது நடிகர். நடிகை என்றால் மகள், ‘யர் வாசா’. நாம் ‘-காரர்’ போட்டு முடித்துவிடும் இடத்தில் ஹௌசா ஒரு குடும்பத்தையே உருவாக்கிவிடுகிறது.

மனிதர்கள் மட்டுமில்லை. காதின் மகன் ‘டன் குன்னே’, கம்மல். மரத்தின் பிள்ளைகள்தான் பழங்கள். புதுசாக வந்த வண்டிகளுக்கும் இதே டெக்னிக். ‘ஜிர்கி’ என்றால் கலம், வாகனம். வானத்தின் ஜிர்கி விமானம், தண்ணீரின் ஜிர்கி கப்பல், தரையின் ஜிர்கி ரயில். மோட்டாரைக் கடன் வாங்கிய மொழி, விமானத்துக்கு யாரிடமும் கை நீட்டவில்லை.

உடம்பையும் விட்டுவைக்கவில்லை. ‘கைனா’ என்றால் என் தலை. ‘என்னையே’ என்பதற்கும் அதேதான். கணுக்காலுக்குப் பெயர் பாதத்தின் கண். கதவருகே இருக்கும் இடம் ‘கதவின் வாய்’. ‘வாயில்’ என்று சொல்லும் தமிழருக்கு இது புதுசில்லை.

வீடு யாருடையது?

உடைமைக்கு இன்னொரு சொல்லும் உண்டு, ‘மை’. ‘உடையவர்’ என்று பொருள். ‘மைகிடா’ என்றால் வீட்டை உடையவர். மனைவி கணவரைக் குறிப்பிடுவதும், வேலை செய்பவர் முதலாளியை அழைப்பதும் இந்தச் சொல்லால்தான். வீட்டுத் தலைவியைச் சொல்ல ‘உவர்கிடா’ என்ற சொல் இருக்கிறது. வீட்டின் தாய் என்று அர்த்தம். பல மனைவிகள் இருக்கும் வீட்டில் அது முதல் மனைவியைக் குறிக்கும். அவர் வீட்டை உடையவர், இவள் வீட்டின் தாய். ரெண்டும் ஒண்ணு இல்லை.

அந்த வித்தியாசத்தைக் கதையாக்கிய எழுத்தாளர் கானோவைச் சேர்ந்த பலரபா ரமத் யாகுபு. நைஜீரிய அதிபராக இருந்து 1976-ல் கொல்லப்பட்ட ஜெனரல் முர்தலா முகமதுவின் சகோதரி. சிறு வயதிலேயே திருமணம் செய்துவைக்கப்பட்டு, பிறகு முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். கானோ சந்தைகளில் மலிவு விலையில் விற்ற ‘சோயய்யா’ (காதல்) நாவல்களின் முன்னோடிகளில் ஒருவர். இந்த வகை நூல்கள் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. 2007-ல் கானோ மாநில ஆளுநரே பகிரங்கமாகச் சில நூல்களை எரித்தார். (அங்கே ஆளுநர் என்பவர் நம்ம ஊர் முதல்வரைப் போல தேர்ந்தெடுக்கப்படுபவர்.)

பலரபாவின் ‘அல்ஹாக்கி குய்குயோ நே’ நாவலில் அல்ஹாஜி அப்து இன்னொரு திருமணம் செய்துகொண்டு, மனைவி ராபியைப் பிள்ளைகளோடு வெளியே அனுப்புகிறார். நேற்றுவரை வீட்டின் தாயாக இருந்தவளுக்கு ‘கிடானா’ என்று சொல்ல ஒரு வீடு இல்லை. சமைத்து விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள்.

இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 2012-ல் வெளியிட்டது சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம். மொழிபெயர்த்தவர் அலியு கமால். நாவலின் ஹௌசா தலைப்பு ஒரு பழமொழியின் முதல் பாதி: பாவம் ஒரு நாய்க்குட்டி. மீதிப் பாதியைக் கானோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் குட்டி தன் ‘மை ஷி’யின் பின்னாலேயே போகும். ‘மை ஷி’ என்றால் ‘அதை உடையவர்’. வீட்டை உடைய அல்ஹாஜி அப்துவுக்கு நாவலில் அந்த நாய்க்குட்டியும் சொந்தமாகிறது.