மஹரும் 'டவ்ரி'யும் ஒன்றா?

 

மூதூரிலும் கிண்ணியாவிலும் நம் பிள்ளைகள் இன்று குர்ஆனின் பொருளை ஆங்கிலத்திலும் படிக்கின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் ஒரு சொல்லில் கவனம் வேண்டும். அதுதான் 'டவ்ரி'.

மணமகளுக்கு மணமகன் மனமுவந்து கொடுக்க வேண்டியது மஹர். சூரத்துன் நிஸாவின் 4ஆம் வசனம் அதைக் கட்டளையிடுகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு 'டவர்' என்றொரு சொல் உண்டு. அப்துல்லாஹ் யூசுப் அலீ அதையே கையாண்டார். வேறு சிலரோ 'டவ்ரி' என எழுதிவிட்டனர். பெண் வீட்டார் கொடுப்பதைத்தான் இன்று உலகம் 'டவ்ரி' என்கின்றது.

உருது பேசுவோரைப் பாருங்கள். அவர்களிடம் மஹர் வேறு, ஜஹேஸ் வேறு. 'டவ்ரி' என்றதும் அவர்கள் மனதில் தோன்றுவது ஜஹேஸ், அதாவது பெண்ணோடு அனுப்பும் கட்டில், பாத்திரம், நகை. அந்த எண்ணத்தோடு வசனத்தைப் படித்தால், கணவனின் கடமை பெண்ணைப் பெற்றவரின் தலையில் ஏறிவிடும்!

ஜஹேஸ் என்பதும் அரபியிலிருந்து வந்ததே. மூலப் பொருள் 'ஆயத்தப்படுத்துதல்'. ஜனாஸாவைத் தயார் செய்வதையும் தஜ்ஹீஸ் என்கிறோம் அல்லவா? நபி (ஸல்) அவர்கள் மகளார் பாத்திமா (ரழி) அவர்களுக்கு ஒரு போர்வை, ஒரு தோல் தண்ணீர்ப்பை, இத்கிர் புல் நிரப்பிய ஒரு தலையணை ஆகியவற்றை ஆயத்தப்படுத்திக் கொடுத்ததாக ஹதீஸில் வருகின்றது. இதைக் காட்டி ஜஹேஸ் சுன்னத் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அலீ (ரழி) அவர்கள் தமது போர்க்கவசத்தை மஹராகக் கொடுத்ததை அவர்கள் ஏன் மறக்கிறார்கள்? மணமகன் கேட்டு வாங்கிய பொருள் அங்கே எதுவுமில்லை.

சட்டங்களும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்துள்ளன. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்கின்றது. பாகிஸ்தானின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஜஹேஸுக்கும் மணப் பரிசுகளுக்கும் 5,000 ரூபாய் என எல்லை வகுத்தது. நமது நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் மஹரை ஒன்றாகவும் கைக்கூலியை வேறொன்றாகவும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. இரண்டையும் மனைவி காழியார் முன் கோரலாம்.

நமது சீதனம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்திரீதனம், பெண்ணின் சொத்து என்பதே அதன் பொருள். கிழக்கில் மகளுக்கென்று வீடு கட்டிக் கொடுக்கிறோம். அதைக் கட்டி முடிக்கத் தகப்பன் கடனாளியாகிறான், சகோதரன் கடல் கடக்கிறான். மஹரோ பெயரளவில் எழுதப்படுகின்றது. வாங்கும் கை மாறிவிட்டது, சகோதரிகளே!

இரும்பு மோதிரமாவது தேடி வாருங்கள் என்று ஓர் ஏழைத் தோழரிடம் நபியவர்கள் கூறினார்கள். பெண் வீட்டில் கேளுங்கள் என்று கூறவில்லை.

ஆகவே, நிகாஹ் பேசும்போது மஹர் எவ்வளவு, எப்போது என்பதை முதலில் பேசுங்கள். மகளுக்கென்று கொடுக்கும் வீட்டின் உறுதியை மகள் பெயரிலேயே எழுதுங்கள். கைக்கூலி கைமாறியிருந்தால் எழுத்தில் அத்தாட்சி வையுங்கள். ஆண் மகனைப் பெற்ற தாய்மாரே, கேட்காமலிருக்கும் துணிவு உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.